மண் அறிந்த மனை

நுழையும்முன்

ஒரு கட்டடத்தை அதன் உயரத்தைக் கொண்டும் அழகைக் கொண்டும் மதிப்பிடுவது எளிது. அது நிற்கும் நிலத்தோடும் அதில் வாழும் மனிதரோடும் அதற்குள்ள உறவைக் கொண்டு மதிப்பிடுவது அரிது. அவ்வுறவைக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரிலும், கடல் கடந்து கிரேக்க நாட்டிலும் தேடிச் செல்கிறது இக்கட்டுரை.

ஏரி என்னும் கட்டடம்

உத்திரமேரூரின் மிகப் பெரிய கட்டடம் எது என்று கேட்டால், ஊரார் சுந்தரவரதப் பெருமாள் கோயிலைக் காட்டுவர். மூன்று தளங்களில் நின்றும் இருந்தும் கிடந்தும் திருமால் காட்சி தரும் அந்த விமானம், பல்லவர் காலத்துக் கட்டடக் கலையின் அரிய சான்று. ஆனால், மனிதர் திட்டமிட்டுக் கையால் எழுப்பியவை அனைத்தையும் கட்டடம் என்று கொண்டால் விடை மாறிவிடும். அவ்வூரின் மிகப் பெரிய கட்டுமானம் அதன் ஏரிக்கரையே. கல்வெட்டுகள் அந்த ஏரியை வயிரமேகத் தடாகம் என்று குறிப்பிடுகின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக அது அவ்வூரின் வயல்களுக்கு நீர் அளித்து வருகிறது.

குளத்தை நான்கு புறமும் தோண்டி அமைப்பர். ஏரியை அவ்வாறு அமைப்பதில்லை. நிலம் சரிந்து செல்லும் பக்கத்தில் மட்டும் பிறை வடிவில் கரை எழுப்பப்படும். மேட்டுப்பக்கம் திறந்தே இருக்கும். அவ்வழியாகத்தான் மழைநீரும் வரத்துக்கால்வாய் நீரும் வந்து சேரும். நீரைப் பாசனத்துக்கு விட மதகு. மிகுதியான நீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கலங்கல். இவ்வளவே அதன் உறுப்புகள். கரையை எங்கே தொடங்கி எங்கே வளைத்து எங்கே முடிப்பது என்பதை நிலத்தின் சரிவே தீர்மானித்தது. கட்டியவர் அச்சரிவைக் கூர்ந்து பார்த்திருக்கிறார். அதுவே அவருடைய கலை.

காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதி ஏரி மாவட்டம் என்று பெயர் பெற்றது வியப்பன்று. மேற்கிலிருந்து கிழக்கே மெல்லச் சரியும் நிலம் இது. ஆண்டின் மழையில் பெரும்பங்கு சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அம்மழையைப் பிடித்து வைக்காவிட்டால் வேளாண்மை இல்லை. ஆகவே, ஓர் ஏரியின் கலங்கல் நீர் அடுத்த ஏரிக்கும், அதன் கலங்கல் நீர் அதற்கடுத்த ஏரிக்கும் செல்லுமாறு ஏரிகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டன. மேலூர் ஏரி தூர்ந்தால் கீழூர் நனையும். மேலூர் மறித்துக்கொண்டால் கீழூர் காயும். ஊர்கள் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டிய கட்டாயத்தை நிலமே விதித்திருந்தது.

உத்திரமேரூர், இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், சதுர்வேதிமங்கலமாக அமைக்கப்பட்ட ஊர். அதன் கல்வெட்டுகளில் ஒரு நிலத்தின் இருப்பிடம் குறிக்கப்படும் முறை சுவையானது. எந்த வதிக்குக் கிழக்கே, எந்த வாய்க்காலுக்கு வடக்கே, எத்தனையாவது கண்ணாற்றில், எத்தனையாவது சதிரத்தில் என்று அது சொல்லப்படும். வதியும் வாய்க்காலும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் கட்டங்களாக ஊரின் நிலம் வகுக்கப்பட்டிருந்தது. இன்றைய முகவரி அஞ்சல்காரர் வரும் வழியைச் சொல்கிறது; அன்றைய முகவரி நீர் வரும் வழியைச் சொன்னது.

தன் மனையில் தன் வீடு

ஊரின் நடுவே உள்ள வைகுந்தப் பெருமாள் கோயிலின் கருங்கல் சுவர்களில், முதலாம் பராந்தக சோழனின் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையை விரித்துரைப்பவை அவையே. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். 2020 டிசம்பரில் புதுதில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய விழாவிலும் உத்திரமேரூர் பேசப்பட்டது. பேசப்படுவது எப்போதும் ஓலையும் குடமும்தான். கல்வெட்டில் உள்ள மற்றொரு வரி பெரும்பாலும் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

வாரியத்திற்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர்க்குரிய தகுதிகளுள் ஒன்று, தனக்குரிய மனையில் வீடு கட்டிக்கொண்டு அதில் வாழ்பவராக இருக்க வேண்டும் என்பது. காலவேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, கல்வி, நேர்மை ஆகிய தகுதிகளோடு சேர்த்து வீடும் ஒரு தகுதியாக ஏன் வைக்கப்பட்டது? செல்வத்தை அளக்க நிலமே போதுமே! வேற்றூரில் வாழ்ந்துகொண்டு இவ்வூர் விளைச்சலை மட்டும் பெறுபவர் கைக்கு இவ்வூர் ஏரி போய்விடக்கூடாது என்பதே அதன் கருத்தாக இருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டோருள் அறுவர் ஏரி வாரியத்தில் அமர்ந்தனர். கரை உடைந்தால் முதலில் கரையும் மண்சுவர் தன் வீட்டுச் சுவராக இருக்குமாயின், கரையைப் பார்க்கும் கண் வேறாகத்தான் இருக்கும். பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் மீண்டும் இடமில்லை.

இம்முறையை இன்றைய மக்களாட்சியின் மறுபெயராகக் கொள்வது மிகை. வேதம் கற்ற நிலவுடைமையாளருக்குள் மட்டுமே அந்த ஓலைகள் சுற்றிவந்தன. மண் சுமந்து கரையை உயர்த்திய உழைப்பாளர் எவர் பெயரும் அக்குடத்துள் விழவில்லை. பெண்கள் பெயரும் விழவில்லை. எனினும், பொறுப்பை வீட்டோடு பிணைத்த அந்தச் சிந்தனை தனித்து எண்ணத்தக்கது.

அக்கல்வெட்டுகள் உள்ள கட்டடமும் எண்ணத்தக்கதே. சபை கூடும் மண்டபமாக இருந்த அது பின்னர்க் கோயிலாயிற்று. விதிகள் ஓலைக்கட்டுக்குள் ஒளிந்திராமல், கூட்டம் நடைபெறும் இடத்தின் சுவரிலேயே, அனைவர் கண்முன்னும் நின்றன. பேசுகிறவர் சாய்ந்திருந்த கல்லே பேச்சின் எல்லையைச் சொல்லிக்கொண்டிருந்தது. பயன் மாறினாலும் கட்டடம் கைவிடப்படவில்லை. அதனால் எழுத்தும் பிழைத்தது.

ஏரியிலிருந்து எழுந்த வீடு

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இன்னும் சில பழைய ஓட்டு வீடுகள் எஞ்சியுள்ளன. தெருவை ஒட்டித் திண்ணை; அதனைக் கடந்தால் ஒடுங்கிய நடை; நடை முடியுமிடத்தில் வானம் பார்த்த முற்றம்; முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம்; அதன் பின்னே அறைகள்; கடைசியில் கொல்லைப்புறம். வாயிலில் நின்றால் கொல்லைக் கிணறு வரை பார்வை நேராகச் செல்லும். பார்வை செல்லும் வழியே காற்றும் செல்லும். முற்றத்தில் வெப்பக்காற்று மேலெழ, திண்ணைப்பக்க நிழலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளிழுக்கப்படும். மழைக்காலத்தில் நான்கு சரிவுகளிலிருந்தும் வழியும் நீர் முற்றத்தில் விழுந்து, தூம்பு வழியாக வெளியேறும். நெல் காய்வதும் குழந்தை தவழ்வதும் திருமணப் பந்தி நடப்பதும் அதே முற்றத்தில்தான். ஓர் இடத்திற்கு ஒரே பயன் என்ற கணக்கு அவ்வீடுகளில் இல்லை.

அவ்வீடு எதனால் ஆனது என்று பார்த்தால் மற்றோர் உறவு புலப்படும். கோடையில் ஏரி வற்றியதும் அதன் களிமண்ணை எடுத்துக் குயவர் நாட்டு ஓடு வனைந்தனர். சுவருக்கும் செங்கல்லுக்கும் அருகிலேயே மண் எடுக்கப்பட்டது. வண்டல் வயலுக்கு எருவாயிற்று. வைரம் பாய்ந்த பனை, உத்தரமும் கைமரமும் ஆயிற்று. வீடு உயர உயர ஏரி ஆழமாயிற்று. தூர்வாருதல் என்று இன்று தனியே திட்டமிட்டுச் செய்யப்படும் பணியில் ஒரு பகுதி, வீடு கட்டும் வேலைக்குள்ளேயே அடங்கியிருந்தது. தூர்வாருவதற்கென்றே அறக்கொடைகள் அளிக்கப்பட்டதையும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆகவே, அன்றும் அப்பணி தானாக நடந்துவிடவில்லை. வேளாண்மைக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் ஏரி மண்ணைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளத் தமிழ்நாடு அரசு 2017இல் வழிசெய்தபோது, பழைய உறவு ஒன்று அரசாணை வடிவில் மீண்டது எனலாம்.

தொழிலும் வீட்டின் வடிவத்தைத் தீர்மானித்தது. காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டில் தறிக்குழிக்கே முதலிடம். தறியைச் சுற்றியே மற்றவை அமைந்தன. பாவினை நீட்டிப் பிடிக்க வீட்டின் நீளம் போதாதபோது தெருவே நெசவுக்கூடமாயிற்று.

திண்ணையைப் பற்றிப் பேசும்போது நெகிழ்ந்துபோவது இக்கால எழுத்தாளரின் வழக்கம். வழிப்போக்கர்க்கு நிழல், முதியோர்க்கு இருக்கை, சிறுவர்க்குப் பள்ளி என்பதெல்லாம் உண்மையே. யார் எந்தத் திண்ணையில் அமரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது என்பதும் உண்மை. ஊரும் சேரியும் பிரிந்திருந்த நிலத்தில், நிழல் எல்லார்க்கும் ஒன்றாக விழவில்லை. குடிசையில் வாழ்ந்தோர்க்குக் கோடைதோறும் தீ அச்சம். ஐப்பசி, கார்த்திகையில் சுவர் இடியும் அச்சம். கான்கிரீட் தளம் அவர்களுக்கு வெறும் நாகரிகப் பொருளாக வரவில்லை. அச்சமின்றி உறங்கும் முதல் இரவாக வந்தது. பழைய வீட்டின் அருமை பேசுவோர் இதனை மறந்துவிட்டுப் பேசுதல் முறையன்று.

கிரேக்கத்தின் கல்லும் சுண்ணாம்பும்

மண்ணோடு ஒட்டிய பழைய வீடு ஒருபுறம். பாதுகாப்பைத் தரும் புதிய கான்கிரீட் மறுபுறம். இரண்டுக்கும் நடுவே நின்று விடை தேடியவர்கள் தமிழ்நாட்டில் மட்டும் இல்லை. வெயிலும் நீர்ப்பற்றாக்குறையும் பழஞ்சின்னங்களும் நிறைந்த கிரேக்க நாடு, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இதே கேள்வியை எதிர்கொண்டது.

ஏஜியன் கடலின் சிக்லடீஸ் தீவுகளில் ஆறுகள் இல்லை என்றே சொல்லலாம். அங்குள்ள மரபான வீடுகளின் தட்டையான கூரை மழைநீரைத் திரட்டி, நிலத்தடித் தொட்டிக்கு அனுப்பும். சுவரெங்கும் சுண்ணாம்பு வெண்மை. அது வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. கோடையில் வடக்கிலிருந்து வீசும் கடுங்காற்றை உடைக்கச் சந்துகள் ஒடுங்கியும் வளைந்தும் செல்கின்றன. அங்கு மரம் அரிது. ஆகவே சாந்தோரினித் தீவினர் எரிமலை மண்ணையும் கல்லையும் கொண்டு வளைகூரை எழுப்பினர். பாறைச் சரிவைக் குடைந்தும் வீடு அமைத்தனர். நீருக்கு ஏரி வெட்டிய ஊரும், கூரையையே ஏரியாக்கிய தீவும் ஒரே அறிவின் இரு கிளைகள்.

1956 ஜூலையில் பெரும் நிலநடுக்கம் சாந்தோரினியைக் குலைத்தது. வீடிழந்தோர்க்கு விரைந்து வீடு வேண்டும். எங்கும் ஒரே அச்சில் வார்த்த பெட்டிகளை அடுக்கிவிடுவது எளிதாயிருந்திருக்கும். மறுசீரமைப்பில் ஈடுபட்ட கட்டடக் கலைஞர் கோன்ஸ்தாந்தினோஸ் தெக்கவல்லாஸ், தீவின் வளைகூரை வடிவத்தையே எடுத்துக்கொண்டு புதிய குடியிருப்புகளை வடிவமைத்தார். மக்கள் தங்கள் வீட்டை அடையாளம் கண்டுகொண்டனர்.

தலைநகர் ஏதென்சின் கதை வேறு. போருக்குப் பின் நாட்டுப்புறத்திலிருந்து மக்கள் நகருக்குப் பெயர்ந்தனர். மனைக்கு உரியவர் மனையைக் கொடுப்பார். கட்டுநர் பழைய வீட்டை இடித்து அடுக்ககம் எழுப்புவார். மனைக்கு விலையாகச் சில குடியிருப்புகளை உரியவருக்கே தருவார். சென்னைவாசிகள் நன்கறிந்த அதே ஏற்பாடுதான். பணமில்லாதோர்க்கும் அது வீடு தந்தது. அதே வேகத்தில் பழைய ஏதென்சின் தெருக்களை விழுங்கவும் செய்தது.

இந்த இடிபாடுகளுக்கு நடுவில்தான் திமித்ரிஸ் பிகியோனிஸ் பணியாற்றினார். ஓவியராகவும் பேராசிரியராகவும் விளங்கிய அவரிடம், அக்ரோபோலிஸ் குன்றுக்கும் அதன் எதிரேயுள்ள பிலோபாப்பு குன்றுக்கும் செல்லும் பாதைகளை அமைக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. 1954 முதல் 1957 வரை அப்பணி நடந்தது. அவர் மேசையில் வரைந்த படத்தை மட்டும் நம்பவில்லை. குன்றிலேயே கல்தச்சரோடு நின்று, ஒவ்வொரு கல்லுக்கும் இடம் பார்த்தார். இடிக்கப்பட்ட வீடுகளின் பளிங்குத் துண்டுகளும் படிக்கற்களும் பாதையில் பதிக்கப்பட்டன. ஊரார் குப்பை என்று கழித்தவை, உலகப்புகழ் பெற்ற கோயிலுக்கு ஏறிச்செல்லும் வழியாயின. பாதை நேராகச் செல்லாது, மேடு பார்த்து வளையும், வளைவில் திடீரென்று பார்த்தினோன் தெரியும், மீண்டும் மறையும். ஓரங்களில் அம்மண்ணுக்குரிய ஒலிவ மரங்களும் பிற செடிகளும் நடப்பட்டன. நடப்பவரின் பாதத்துக்கென்று கட்டப்பட்ட கட்டடக்கலை அது. கட்டடம் என்ற சொல்லுக்கு ஏரிக்கரையையும் சேர்த்துப் பொருள்கொள்ளும் தமிழ் மாணவர், பிகியோனிசின் பாதையை எளிதில் புரிந்துகொள்வர்.

அவருக்குப் பின்வந்தோருள் அரிஸ் கோன்ஸ்தாந்தினிதிஸ் குறிப்பிடத்தக்கவர். 1960களின் தொடக்கத்தில் அனவிசோஸ் கடற்கரையில் அவர் கட்டிய சிறுவீட்டின் சுவர், அந்நிலத்துக் கல்லால் ஆனது. கூரையோ கான்கிரீட் தளம். முன்னே நிழல் தரும் ஆழ்ந்த தாழ்வாரம். தொலைவிலிருந்து பார்த்தால் பாறை எது, வீடு எது என்று பிரித்தறிவது கடினம். பழையதைப் படியெடுக்காமல், பழையது கற்பித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு புதியதைக் கட்டும் இப்போக்குக்கு 1981இல் அறிஞர்கள் அலெக்சாண்டர் சோனிசும் லியான் லெஃபேவரும் 'ஆய்வுநோக்குடைய வட்டாரவியம்' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். உலகக் கட்டடக்கலையில் இன்று பெரிதும் பேசப்படும் அக்கருத்து, கிரேக்கக் கட்டடங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றிலேயே பிறந்தது.

2009இல் திறக்கப்பட்ட அக்ரோபோலிஸ் அருங்காட்சியகமும் இவ்வரிசையில் வருவதே. அடித்தளம் தோண்டும் இடத்தில் பழங்கால ஏதென்சின் வீடுகளும் தெருக்களும் வெளிப்பட்டன. அவற்றை அழிக்காமல், தூண்களை இடம் பார்த்து ஊன்றிக் கட்டடத்தை மேலே உயர்த்தினர். கண்ணாடித் தளத்தில் நடப்போர், தம் காலடியில் எளிய மக்களின் பழைய முற்றங்களைக் காண்கின்றனர்.

தளத்தின் கீழே

உத்திரமேரூர்ப் பகுதியின் புதிய வீடுகளுக்கு இவற்றிலிருந்து பெறத்தக்கது உண்டா? சித்திரை வெயிலைப் பகலெல்லாம் உண்ட கான்கிரீட் தளம், இரவெல்லாம் அதை உள்ளே உமிழ்கிறது. மின்விசிறி அவ்வெப்பத்தையே சுழற்றுகிறது. கான்கிரீட்டைக் கைவிடுவது இதற்குத் தீர்வாகாது. இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் (1917–2007), தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட்டுக்குப் பெரிதாக வேலையில்லாத இடங்களில் பழைய ஓடுகளைப் பதித்து வார்க்கும் முறையைப் பரப்பினார். அதனால் கான்கிரீட்டும் குறைகிறது, எடையும் குறைகிறது, ஓடுகளுக்கு இடையிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. இடித்த வீட்டின் ஓடு புதிய வீட்டின் கூரைக்குள் செல்கிறது. பிகியோனிசின் பாதைக்கல் போலவே. நம் பகுதிக் கொத்தனார்களிடமும் கற்கத்தக்கது இருந்தது. மர உத்தரங்களின்மீது செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையால் இணைக்கும் 'மெட்ராஸ் தளம்', ஒரு நூற்றாண்டுக்கு முந்திய வீடுகளில் இன்றும் ஒழுகாமல் நிற்கிறது.

கூரையைவிடக் கடினமான கேள்வி மனையைப் பற்றியது. 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னையும் காஞ்சிபுரம் மாவட்டமும் வெள்ளத்தில் மிதந்தபோது, நீர் புதிய வழி எதையும் தேடவில்லை. ஏரியிலிருந்து ஏரிக்குச் செல்லும் தன் பழைய வழியிலேயே சென்றது. அவ்வழியில் மனைப்பிரிவுகளும் சுற்றுச்சுவர்களும் நின்றன. வரத்துக்கால்வாய் எது, கலங்கல் ஓடை எது என்பது நில வரைபடத்தில் இருந்தது. மனை வாங்கியவர் பலரின் நினைவில் இல்லை. வேற்றூரில் வாழ்ந்துகொண்டு முதலீடாக மனை வாங்குபவருக்கு அந்நினைவு இருக்க வேண்டிய தேவையும் இல்லை. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின் வீடு பற்றிய வரி இவ்விடத்தில் வேறு பொருள் கொள்கிறது.

மாலை வேளையில் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்த் தெருக்களில் நடப்போர் ஒன்றைக் காணலாம். திண்ணைக்கு இடம் விடாமல் தெருவோரம் வரை எழுந்த கான்கிரீட் வீடுகளின் வாயிலில், பழைய வீட்டிலிருந்து எடுத்த கருங்கல் பலகை ஒன்று செங்கல் அடுக்கின்மீது கிடத்தப்பட்டிருக்கும். சில வீடுகளில் அதற்குமேல் தகரத் தாழ்வாரமும் இறக்கப்பட்டிருக்கும். வீட்டு முதியவர் அதில் அமர்ந்திருப்பார். வரைபடத்தில் அதற்கு இடமில்லை. பொறியாளர் அதை வரையவுமில்லை. குடிபுகுந்த சில மாதங்களுக்குள் வீட்டார் தாமே அதை அமைத்துக்கொண்டுள்ளனர். தெருவில் போகிறவர் நின்று பேசுகிறார். பேச்சு நீண்டால் அருகே அமர்ந்துகொள்கிறார்.